மாயாத்துப் பள்ளத்தாக்கும் என் செவலைக் காளையும்

தை மாசக் கடைசியில ஒரு சனி, ஞாயிறு. எங்க தோட்டத்துக்குப் பறவை பார்க்க எட்டுப் பேர் வந்திருந்தாங்க. சென்னையில இருந்து நாலு பேர், பெங்களூர்ல இருந்து மூணு பேர், திருப்பூர்க்காரர் ஒருத்தர். சென்னைக்காரர்ல ஒருத்தர் தன்னோட பொண்ணையும் கூட்டிட்டு வந்திருந்தார். அந்தக் குழந்தைக்குப் பன்னெண்டு வயசு, அதையும் சேர்த்துத்தான் எட்டு. இவங்களை அழைச்சிட்டு வந்தது கோயம்புத்தூர் அம்மிணி ஒண்ணு. கழுத்துல பைனாகுலர், தோள்ல முக்காலி வெச்ச தொலைநோக்கி. எந்தப் பறவை கத்தினாலும் தலையைத் திருப்பாமலே பேர் சொல்லும். எங்க வீட்டுல சாப்பாடு, திண்ணையில படுக்கை. வனத்துறைகிட்ட அனுமதி வாங்குற வேலையெல்லாம் அந்த அம்மிணி பார்த்துக்குச்சு. எனக்கு முன்னாடி நடந்து பாதை காட்டுறது மட்டும்தான் வேலை.

அந்த ரெண்டு நாளைப் பத்தி எழுதலாம்னு உட்கார்ந்தா நாப்பது வருஷக் கதையும் சேர்ந்து வருது. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்குங்க.

முதல்ல எங்க பக்கம் எப்படி இருக்கும்னு சொல்லிடறேன். நீலகிரியில பிறக்கிற மாயாறு, தெற்கே நீலகிரி மலைச்சரிவு, வடக்கே தலமலைக் காடு, இந்த ரெண்டுக்கும் நடுவுல பள்ளத்துல இறங்கி கிழக்கே ஓடி வந்து பவானிசாகர் அணைத் தண்ணியில சேருது. மேப்புல மோயாறுன்னு போட்டிருப்பாங்க, எங்களுக்கு மாயாறு. கோத்தகிரிக்குப் போனவங்க கொடநாடு காட்சிமுனையில நின்னு கீழே பார்த்திருப்பீங்க. அதல பாதாளத்துல ஒரு ஆறு வளைஞ்சு போறதும், தெங்குமரஹாடா வயலும் தெரியும். அதுதான் இந்தப் பள்ளத்தாக்கு. நாங்க இருக்கறது அது முடியற இடத்துல, அணைத் தண்ணி ஓரமா.

அணை கட்டி முடிச்சது 1955-ல். அதுக்கு முன்னாடி இப்ப தண்ணி நிக்கிற இடத்துல ஊருங்க இருந்துச்சு, டணாயக்கன் கோட்டை இருந்துச்சு. தண்ணி ரொம்ப வத்தினா பழைய கோயில் வெளியே தெரியும், அன்னைக்கு ஜனங்க வேடிக்கை பார்க்கப் போவாங்க. எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) தண்ணிக்கு அடியில போன ஊர்க்காரர். மேட்டுல வந்து குடியேறினவர். அணைத் தண்ணி கீழ்பவானி வாய்க்கால்ல இருநூறு கிலோமீட்டர் போய் ரெண்டு லட்சம் ஏக்கருக்குப் பாயுது. பக்கத்துலயே இருக்கற எங்க காடு வானம் பார்த்த காடு. சோளம், கொள்ளு, நிலக்கடலை, கிணத்துத் தண்ணி இருந்தாக் கொஞ்சம் சம்பங்கி. அதனால எங்களுக்கு எப்பவும் நம்பிக்கை மாடுதான். இந்தக் கதையும் மாட்டைப் பத்தினதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் தண்ணி ஓரம் போனோம். எனக்குக் கொக்கு, நாரை, நீர்க்காக்கான்னு மூணே பேர்தான். அம்மிணி ஒவ்வொண்ணாப் பிரிச்சுச் சொல்லுச்சு. பாம்பு மாதிரி கழுத்தை மட்டும் தண்ணிக்கு மேல நீட்டிட்டுப் போறது பாம்புத்தாரா. மரக்கட்டை மேல உட்கார்ந்து மீனைக் காலால அமுக்கிக் கிழிச்சுத் தின்னுட்டு இருந்தது விராலடிப்பான், குளிருக்கு வடக்கே இருந்து வர்ற விருந்தாளி. ஆள்காட்டிக் குருவி மட்டும் எங்க எல்லாரையும் பார்த்து வழக்கம்போலக் கத்தித் தீர்த்துச்சு. அதுக்குப் பேர் சொல்ல யாரும் வேண்டியதில்லை.

இப்படிப் பறவை பார்க்க ஆளுங்க வர்றதே எங்க ஊருக்குப் புதுசு. வீரப்பன் இருந்த காலத்துல இந்தக் காட்டுப் பக்கம் வெளியாள் யாரு வருவா? விறகுக்குப் போறவனையே ரெண்டு பக்கமும் சந்தேகமாப் பார்த்த காலம் அது. 2004-ல் அவர் செத்ததுக்கு அப்புறம்தான் மெல்ல மெல்ல ஆள் நடமாட்டம் வந்துச்சு. 2013-ல் சத்தியமங்கலம் காடு புலிகள் காப்பகம் ஆச்சு. காமிரா தூக்கினவங்க வர ஆரம்பிச்சாங்க.

ராத்திரி அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டு முடிச்சதும் திண்ணையில பேச்சு. நாளைக்கு எதைப் பார்க்கணும்னு ஆசைன்னு கேட்டேன். எட்டுப் பேர்ல ஆறு பேர் ஒரே பதில் சொன்னாங்க. பிணந்தின்னிக் கழுகு.

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, என்னமோ மாதிரியும் இருந்துச்சு. சின்ன வயசுல நாங்க கல்லெடுத்து விரட்டின பறவை அது.

எண்பதுகள்ல நான் பள்ளிக்கூடம் போயிட்டு இருந்தப்ப எங்க ஊருக்கு மேற்கே ஒரு பாறைக்காடு இருந்துச்சு. செத்த மாட்டை அங்கதான் கொண்டுபோய்ப் போடுவாங்க. தோலை உரிச்சு எடுத்துட்டுப் போனதும் அரை மணி நேரம் ஒண்ணும் இருக்காது. அப்புறம் வானத்துல ஒரு புள்ளி தெரியும். புள்ளி ரெண்டாகும், பத்தாகும், நாப்பதாகும். மோப்பம் பிடிச்சு வருதுன்னுதான் நாங்க நினைச்சோம். எல்லாம் கண்ணு வேலையாம். ஒண்ணு இறங்குறதை இன்னொண்ணு தூரத்துல இருந்து பார்த்து, அதைப் பார்த்து இன்னொண்ணு வரும். ரெக்கையை விரிச்சுச் சண்டை போட்டுக்கிட்டு, தலையை உள்ள விட்டு இழுக்கும். நாங்க பள்ளிக்கூடம் விட்டு வர்றதுக்குள்ள எலும்பு மட்டும் கிடக்கும். கொஞ்ச நாள்ல எலும்பு பொறுக்குறவங்க வந்து அதையும் மூட்டை கட்டிட்டுப் போயிடுவாங்க. நாத்தம் இருக்காது, ஈ இருக்காது.

அசிங்கமான பறவை, அபசகுனம்னு நாங்க நினைச்சோம். அப்பாரு மட்டும் அப்படிச் சொல்லமாட்டார். "பாறு இல்லாத ஊர்ல கொள்ளை நோய் வரும்டா"ம்பார். பாறுன்னுதான் சொல்வார். அது சங்கப் பாட்டுல இருக்கற பேருன்னு அந்த அம்மிணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாறு, எருவை ரெண்டும் புறநானூற்றுல வருதாம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாரு வாயில அந்தப் பேர் அப்படியே இருந்திருக்கு.

அவர் சொன்னதுலயும் விஷயம் இருக்குங்க. இந்தப் பறவை வயித்துல இருக்கற அமிலம் அவ்வளவு கடுமையானது. அடைப்பான் மாதிரி நோயில செத்த மாட்டுக் கறியைத் தின்னாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. நோய்க்கிருமி அதோட வயித்துக்குள்ளயே முடிஞ்சு போகும்.

ஞாயித்துக்கிழமை காலையில மேட்டுப் பாறை ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கே இருந்து பார்த்தா பள்ளத்தாக்கு முழுசும் தெரியும். விடிஞ்சதும் போகணும்னு எல்லாரும் பரபரத்தாங்க. அவசரமில்லைன்னு சொன்னேன். வெயில் ஏறி, கீழே இருந்து சூடான காத்து எழும்பினாத்தான் பாறு மேலே வரும். அதுவரைக்கும் பனங்காடை, செண்பகம், தூரத்துல நாலு மயில். ஒன்பதரை மணி இருக்கும், நீலகிரிச் சரிவுப் பக்கம் இருந்து ஒண்ணு வந்துச்சு. ரெக்கையை ஒரு தடவைகூட அடிக்காம வட்டம் போட்டு ஏறுச்சு. பின்னாலயே இன்னும் நாலு. திரும்பறப்ப வெயில் பட்டு முதுகுல வெள்ளை பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. வெண்முதுகுப் பாறு. தொலைநோக்கிக்கு வரிசை கட்டி நின்னு பார்த்தாங்க. திருப்பூர்க்காரர் கண்ணு கலங்கிட்டார்.

அந்தச் சின்னப் பொண்ணு எண்ணிப் பார்த்துட்டு என்னைக் கேட்டுச்சு. "அஞ்சுதான் இருக்கா தாத்தா? நீங்க நேத்து நாப்பதுன்னு சொன்னீங்களே. மத்ததெல்லாம் எங்க போச்சு?"

பதில் சொல்ல அந்த அம்மிணி ஆரம்பிச்சுது. அது சொன்னதையும், நான் முன்னாடியும் பின்னாடியும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்து எழுதறேன்.

1980-கள்ல நம்ம நாட்டுல பாறுக் கழுகு கோடிக்கணக்குல இருந்துச்சு. உலகத்துலயே எண்ணிக்கையில அதிகமா இருக்கற பெரிய கழுகு இந்த வெண்முதுகுப் பாறாத்தான் இருக்கும்னு அப்ப எழுதியிருக்காங்க. தொண்ணூறுகள்ல ராஜஸ்தான் பரத்பூர்ல இருக்கற கேவலாதேவ் சரணாலயத்துல விபு பிரகாஷ்ங்கிற ஆராய்ச்சியாளர் கழுகுங்க குறையறதைக் கவனிச்சார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்காரர். உயிரோட இருந்ததும் கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்துச்சு. ஏதோ தொத்து நோய்னுதான் முதல்ல தேடினாங்க. எங்க பக்கத்துலயும் அந்தச் சமயத்துலதான் குறைஞ்சுச்சு. செங்கல்பட்டுப் பக்கம் திருக்கழுக்குன்றத்துல உச்சிவேளையில சோறு வாங்க வந்துட்டு இருந்த ரெண்டு கழுகும் தொண்ணூறுகளோட கடைசியில வராமப் போச்சு. அதுவும் பாறு வகைதான், மஞ்சள்முகப் பாறு. அங்கே குருக்கள் பாத்திரத்தோட காத்திருந்து திரும்பினதைப் பெரியவங்க இன்னும் சொல்வாங்க.

காரணம் தெரிஞ்சது பாகிஸ்தான்ல. லிண்ட்சே ஓக்ஸ்ங்கிற அமெரிக்க விஞ்ஞானியும் அவரோட குழுவும் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்தாங்க. குடல், ஈரல் மேலெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாப் படிஞ்சு கிடந்துச்சு. சிறுநீரகம் கெட்டுப்போய் யூரிக் அமிலம் உடம்புக்குள்ளயே தங்கினதால வந்தது. அந்தக் கழுகுங்க உடம்புல டைக்ளோபினாக் இருந்துச்சு. வலிக்கும் வீக்கத்துக்கும் மாட்டுக்குப் போடற ஊசி மருந்து. 2004 ஜனவரியில இந்த ஆராய்ச்சி வெளிவந்துச்சு.

இதுல ஒரு கணக்கு இருக்கு. ஊசி போட்ட மாடு பிழைச்சுக்கிட்டா சிக்கல் இல்லை, மருந்து கொஞ்ச நாள்ல வெளியே போயிடும். ஊசி போட்ட ஒண்ணு ரெண்டு நாள்ல செத்து, அதைக் கழுகு தின்னாத்தான் விஷம். அப்படிப்பட்ட மாடு எத்தனை இருக்கும்? நூத்துல ஒண்ணுகூட இருக்க வேண்டியதில்லைன்னு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. ஏன்னா ஒரு மாட்டை ஒரு கழுகு தின்னறதில்லை, ஒரு கூட்டமே தின்னுது. பாறு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் வைக்கும். குஞ்சு பெரிசாகி அது முட்டை வைக்க நாலஞ்சு வருஷம் ஆகும். போறது கூட்டமாப் போச்சு, வர்றது ஒண்ணொண்ணா வரணும். பதினஞ்சு வருஷத்துல வெண்முதுகுப் பாறு நாடு முழுக்க ஆயிரத்துல ஒண்ணுங்கிற அளவுக்குக் குறைஞ்சு போச்சு.

அம்மிணி இவ்வளவும் சொல்லி முடிச்சுது. யாரும் பேசலை. நான் பாட்டுக்குப் பாதை காட்டிட்டு வந்திருக்கலாம். அந்தக் குழந்தை என்னைத்தானே கேட்டுச்சுன்னு மனசுல உறுத்துச்சு. நானும் சொன்னேன்.

2001-ஆ, 2002-ஆ சரியா ஞாபகம் இல்லை, மழை இல்லாத வருஷம். எங்கிட்ட ஒரு ஜோடி உழவுமாடு. அதுல செவலை பாறையில சறுக்கி விழுந்து பின்னங்கால் சப்பையில அடி. வீங்கிப்போய் எந்திரிக்க முடியலை. ஊசி போடத் தெரிஞ்சவர் ஒருத்தர் வந்தார். இது நல்ல மருந்து, வலி உடனே கேட்கும்னு சொன்னார். கேட்கவும் செஞ்சுது. முதல் ஊசிக்கு மாடு தலையைத் தூக்கித் தட்டு தின்னுச்சு. சந்தோஷத்துல அடுத்த நாளும் போடச் சொன்னேன், அதுக்கு அடுத்த நாளும். நாலாம் நாள் காலையில போய்ப் பார்த்தா செத்துக் கிடக்கு. காலி மருந்துப் புட்டியைக் கொட்டாய் எரவாணத்துல சொருகி வெச்சிருந்தேன். அதுல இருந்த பேர் எனக்கு அப்ப ஒரு பேர், அவ்வளவுதான்.

பாறைக்காட்டுல கொண்டுபோய்ப் போட்டோம். அப்பவே கழுகு குறைஞ்சு போயிருந்துச்சு. இருந்தாலும் பன்னெண்டு, பதினஞ்சு வந்துச்சு. அதைப் பார்த்து, நம்ம செவலைக்கு நல்ல கதிதான்னு அப்பா சொன்னார். வாரம் திரும்பலை, ஆடு மேய்க்கிற பையன் ஓடி வந்து பள்ளத்து மருத மரத்தடியில கழுகு விழுந்து கிடக்குன்னான். நான் போய்ப் பார்த்தப்ப மூணு செத்துக் கிடந்துச்சு. ஒண்ணு மரத்து மேல கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்துச்சு. வெயில் கொடுமைன்னு நினைச்சோம்.

பத்து வருஷம் கழிச்சு, பாறுக் கழுகுக்காக வேலை செய்யற அருளகம் அமைப்புக்காரங்க எங்க பக்கத்துக் கிராமத்துல ஒரு கூட்டம் போட்டாங்க. மாடு வெச்சிருக்கறவங்க எல்லாரும் போனோம். கழுத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்த கழுகுப் படத்தைக் காட்டினாங்க. வீட்டுக்கு வந்து எரவாணத்தைத் தேடினேன். புட்டி அங்கேயேதான் இருந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன்.

அந்த மூணும் என் மாட்டைத் தின்னுதான் செத்துச்சுன்னு யாரும் நிரூபிக்க முடியாது. இல்லைன்னு சொல்லவும் எனக்கு வாய் வரலை. இதை நான் வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னதில்லை. அன்னைக்குப் பாறை மேல முன்பின் தெரியாத எட்டுப் பேர்கிட்டச் சொன்னேன். ஊசி போட்டவர் மேலயும் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாட்டோட வலி தீரணும்னுதான் ரெண்டு பேரும் நினைச்சோம்.

கொஞ்ச நேரம் கழிச்சு அந்தக் குழந்தை கேட்டுச்சு. "அப்ப இந்த அஞ்சு மட்டும் எப்படித் தப்பிச்சுது?"

நல்ல கேள்வி. நாடெல்லாம் குறைஞ்சப்ப இந்தப் பள்ளத்தாக்குல கொஞ்சம் மிஞ்சினதுக்குக் காரணம் காடு. இங்கே புலியும் சிறுத்தையும் செந்நாயும் அடிச்சுப் போடற மான், காட்டெருமைதான் பாறுக்குச் சோறு. அதுக்கெல்லாம் யாரும் ஊசி போடறதில்லை. ஆத்தோரத்து நீர்மருது மரத்துல வெண்முதுகுப் பாறு கூடு கட்டுது. செங்குத்தான பாறை இடுக்குல கருங்கழுத்துப் பாறு கட்டுது. செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறும் இங்கே உண்டு. 2023 டிசம்பர் கடைசியில தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணு மாநிலத்துக் காட்டுலயும் ஒரே சமயத்துல எண்ணினாங்க. மொத்தம் 320. மூணு மாநிலத்துக்கும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை.

அரசாங்கம் 2006-ல் மாட்டுக்கு டைக்ளோபினாக் போடறதைத் தடை செஞ்சுது. ஆனா மனுஷனுக்குன்னு விக்கிற பெரிய புட்டி மாட்டுக் கொட்டாய்க்கு வந்துட்டே இருந்துச்சு. 2015-ல் மனுஷனுக்கான ஊசி மருந்தையும் 3 மில்லி புட்டியில மட்டும்தான் விக்கணும்னு சட்டம் வந்துச்சு. மாட்டுக்கு அந்த அளவு பத்தாது, அதுதான் யோசனை. அதே மாதிரி கழுகைக் கொல்ற கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ரெண்டையும் 2023-ல் மாட்டுக்குத் தடை செஞ்சாங்க. மெலாக்சிகம்னு ஒரு மருந்து இருக்கு. வலிக்குக் கேட்கும், கழுகுக்கு ஒண்ணும் ஆகாது. இப்ப யார் என் மாட்டுக்கு ஊசி எடுத்தாலும் முதல்ல பேரைப் படிக்கச் சொல்வேன். சில பேருக்கு எரிச்சல் வரும், வரட்டும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு, அதையும் ஒளிக்கக் கூடாது. புலியோ சிறுத்தையோ மாட்டை அடிச்சுட்டா, கோபத்துல மிச்சக் கறியில பூச்சிமருந்து கலந்து வைக்கிற பழக்கம் காட்டோர ஊருங்கள்ல உண்டு. திரும்ப வர்ற புலிக்கு வெச்சதைக் கழுகும் தின்னும். கறவை மாட்டைப் பறிகொடுத்தவன் வயித்தெரிச்சல் எனக்குத் தெரியும். நஷ்டஈட்டுப் பணம் சீக்கிரம் கைக்கு வந்தா அந்தக் கை விஷப்புட்டிக்குப் போகாது. பட்டணத்துல உட்கார்ந்து புலியை ரசிக்கறவங்க இதையும் கொஞ்சம் நினைச்சுப் பார்க்கணும்.

கழுகு போன இடத்துக்கு நாய் வந்துச்சு. எங்க பாறைக்காட்டுல இப்ப நாய்க் கூட்டம்தான். ஆட்டுக்குட்டியைத் தூக்குது, ராத்திரி வண்டியில வர்றவனைத் துரத்துது. கழுகு அழிஞ்சதால தண்ணி கெட்டு, நாய் பெருகி, நோய் பரவி 2000-ல் இருந்து 2005 வரைக்கும் நம்ம நாட்டுல அஞ்சு லட்சம் மனுஷங்க கூடுதலாச் செத்திருக்காங்கன்னு 2024-ல் ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டு எழுதினாங்க. பாறு இல்லாத ஊர்ல கொள்ளை நோய் வரும்னு அப்பாரு சொன்னதுக்கு இப்பத்தான் கணக்கு வந்திருக்கு.

மத்தியானம் சாப்பிட்டுட்டு எல்லாரும் கிளம்பினாங்க. அந்தக் குழந்தை நோட்டுல ரெண்டு நாள்ல பார்த்த பறவை எல்லாத்தையும் வரிசையா எழுதியிருந்துச்சு. மொத்தம் அறுபத்தி மூணு. வெண்முதுகுப் பாறுக்கு நேரா அஞ்சுன்னு போட்டிருந்துச்சு. அதுக்குக் கீழே என்னைக் கேட்டு இன்னொரு வரியும் எழுதிக்கிச்சு. எங்க ஊர்ப் பேர், 1982, நாப்பது.

போன மாசம் எங்க கிழட்டு எருமை ஒண்ணு செத்துச்சு. வயசாகித்தான், ஊசி எதுவும் போடலை. பாறைக்காட்டுல நாய் இருக்கறதால தோட்டத்து மூலையில குழி தோண்டிப் புதைச்சோம். மண்ணு தள்ளறதுக்கு முன்னாடி என்னை அறியாம மேலே பார்த்தேன். காக்கா ரெண்டு, கருடன் ஒண்ணு. கொஞ்ச நேரம் நின்னேன். பையன், "என்னப்பா பார்க்கறீங்க"ன்னான். ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு மம்பட்டியை எடுத்தேன்.